வெக்காளியம்மனிடம் சண்டைக்குப் போனேன்

காவிரிப் பாலத்தை ரிப்பேர் பார்க்கிறோம் என்று மாதக்கணக்கில் மூடிப் போட்டிருந்தார்களே, ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போக சென்னை பைபாஸ் வழியாகச் சுற்றினோமே, அந்தச் சமயம்தான். ஊரே பாலத்தைத் திட்டிக்கொண்டிருந்தது. நான் சாமியைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் ஒரே மகன் தினேஷ் பர்மாவில் அடைபட்டுக் கிடந்தான்.

இப்போது சொன்னாலும் வயிறு எரிகிறது.

எனக்குப் படிப்பு கிடையாது. மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் மூட்டை தூக்கியே வயதாகிவிட்டது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்தவன் தினேஷ். லீவு நாளில் மில்லுக்குக் கூட்டிப்போவேன். மற்ற பிள்ளைகள் தவிட்டுக் குவியலில் குதிக்கும். இவன் மோட்டார் தானாக எப்படி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பான். அந்த மோட்டார் ஒரு நாள் புகைந்து, முதலாளி வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிய கூத்து இருக்கிறதே... அது கிடக்கட்டும்.

சித்திரை வீதியில் அப்போது ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஆறாவது படிக்கும்போதே அங்கே போய் உட்கார்ந்துவிடுவான். ஒரு நாள் என்னையும் இழுத்துப்போய்க் காட்டினான். திரையில் கோயில் யானை ஒன்று ஓடி ஓடி வாழைப்பழம் பொறுக்கியது. டிவி என்று நினைத்தேன். "இல்லப்பா, இது நான் எழுதுனது" என்றான். எழுத்து எங்கேடா என்று திரையில் தேடினேன். படிக்கத் தெரியாதவனுக்கு வேறென்ன தெரியும். ஆனால் பிள்ளை ஏதோ பெரிதாகச் செய்கிறான் என்று மட்டும் புரிந்தது.

இன்ஜினியரிங் முடித்தான். வேலை வரவில்லை. கருமண்டபம் பக்கம் ஆபீஸ் போட்டிருந்த ஒரு ஏஜெண்ட், பாங்காக்கில் சாஃப்ட்வேர் வேலை, தங்க இடம், சாப்பாடு எல்லாம் கம்பெனியே தரும் என்று தேன் தடவிப் பேசினான். நம்பினோம். என் மனைவி சரோஜா தெரு முழுக்க லட்டு கொடுத்தாள்.

ஒரு வாரம் போன் வரவில்லை. அப்புறம் வந்தது. எவனோ ஒருவனுடைய போனில் மெதுவாகப் பேசினான். பாங்காக்கில் இறக்கி, காரில் ஏற்றி, ஒரு ஆற்றைத் தாண்டிப் பர்மாவுக்குள் கொண்டுபோய்விட்டார்களாம். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்களாம். அவன் படித்த படிப்பை வைத்தே திருட்டு வெப்சைட் செய்ய வேண்டுமாம், அதைக் காட்டி வெளிநாட்டு ஜனங்களை ஏமாற்றுவார்களாம். மாட்டேன் என்றதற்குக் கரண்ட் ஷாக் வைத்திருக்கிறார்கள். சோறு இல்லை. இடத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, "அப்பா, வெளியில சொல்லாதீங்க, கொன்னுடுவாங்க" என்று வைத்துவிட்டான்.

ஏஜெண்டிடம் ஓடினேன். அந்தப் பாவி டீ குடித்துக்கொண்டே சொன்னான்: "தம்பி நல்லாத்தான் இருக்கான் பெரியவரே. நீங்க ஊரக் கூட்டுனீங்கன்னா அப்பறம் நான் பொறுப்பில்ல." கழுத்தை நெரித்திருக்கலாம். மகன் உயிரை நினைத்து, கும்பிட்டுவிட்டு வந்தேன். அந்தக் கும்பிடு இன்னும் கையில் அழுக்காக ஒட்டியிருக்கிறது.

வாயை மூடிக்கொண்டோம். பயம் பாதி, வெட்கம் பாதி. லட்டு கொடுத்த தெருவில் எப்படிச் சொல்வது? எதிர்வீட்டுக்காரர், "என்ன, மவன் பாங்காக்ல சம்பாதிக்கிறான், நீங்க இன்னும் மில்லுக்குப் போறீங்க? கஞ்சப் பிசினாறி" என்று கேலி செய்வார். சிரிப்பேன். வீட்டுக்குள் வந்து சுவரைக் குத்துவேன். சரோஜா பெருமாள் படத்துக்கு முன்னால் சத்தம் வராமல் அழுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். சுற்றுவழியில் உறையூர் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. வெக்காளியம்மன் தலைக்கு மேல் கூரை கிடையாது. வீடிழந்த ஜனத்துக்கெல்லாம் வீடு கிடைக்கிறவரை எனக்கும் கூரை வேண்டாம் என்று வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருக்கிறவள். நம் குறையைக் காகிதத்தில் எழுதி அவளுக்கு எதிரே இருக்கும் சூலத்தில் கட்ட வேண்டும். எனக்கு எழுதத் தெரியாது. பக்கத்தில் ஒரு அம்மா தன் குறையை எழுதி முடித்து மடித்துக்கொண்டிருந்தார். உறையூரில் டெய்லர், பெயர் செல்வி. எனக்கும் எழுதித் தரச் சொன்னேன்.

அவர் "அம்மா தாயே, என் மகனை நலமுடன்" என்று படித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"அப்புடி எழுதாதீங்கம்மா. நான் கும்புட வரல, சண்டைக்கு வந்திருக்கேன்" என்றேன்.

"சரி, சொல்லுங்க."

"ஏ ஆத்தா, வீடில்லாதவனுக்காக வெயில்ல உக்காந்திருக்கேன்னு சொல்றியே, எம்புள்ள வீட்டுக்கு வர முடியாம அடி வாங்குறான், நீ என்ன பாத்துக்கிட்டிருக்க? அவன் வரலன்னா உன் வாசல மிதிக்க மாட்டேன். எழுதுங்க."

எழுதினார். எந்த ஊர், எந்த ஏஜெண்ட் என்று கேட்டார். மூடி வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. சாமிக்குத்தானே சொல்கிறோம் என்று அந்த அம்மாவிடம் அத்தனையும் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை நிறுத்தினார்.

"போலீஸ்ல சொன்னீங்களா அய்யா?"

"இல்ல. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க."

அந்த அம்மாவுக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "சொல்லாதேன்னு சொல்றவனே திருடன். அவன் பேச்சக் கேட்டுக்கிட்டு இங்க வந்து ஆத்தாவைத் திட்டுறீங்க. ரெண்டா எழுதுறேன். ஒண்ணு இங்க கட்டுங்க. இன்னொண்ணு, நாளைக்குத் திங்கக்கிழமை, கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்க. நானும் வரேன்."

வந்தார். தையல் வேலையைப் போட்டுவிட்டு வந்தார். என்னைப் பின்னால் தள்ளிய ஆட்களை முறைத்துவிட்டு, என் கையைப் பிடித்து வரிசையில் நிறுத்தினார். மனுவைப் படித்த அதிகாரி நிமிர்ந்து பார்த்து, இன்னும் சில ஊர்ப் பிள்ளைகளும் அங்கேயே மாட்டியிருக்கிறார்கள், நீங்கள் சொல்கிற இடத்தின் பெயர் உதவும் என்றார். போலீஸ் வந்தது, தூதரகத்துக்குக் கடிதம் போனது. அத்தனை நாளும் நான் தூங்கவில்லை, சொன்னதால் கொன்றுவிடுவார்களோ என்று. கொல்லவில்லை. ஒரு நாள் அவனையும் மற்ற பிள்ளைகளையும் மீட்டு ஆற்றுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள் என்று போன் வந்தது. திருச்சி ஏர்போர்ட்டில் என் மகன் ஒட்டடைக் குச்சி மாதிரி நடந்து வந்தான். சரோஜா அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த நாளே ஆத்தா வாசலுக்குப் போனேன். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. "கேட்டுச்சா உனக்கு" என்றேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாமல் என்னை வைத்ததுகூட, ஒரு மனுஷியிடம் வாய் திறக்கட்டும் என்றுதான் போல.

தினேஷ் கம்ப்யூட்டரைத் தொடவே பல மாதம் ஆனது. அப்புறம் சென்னையில் ஒரு நல்ல கம்பெனியில் சேர்ந்தான். அவர்களே இப்போது ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிகளுக்கான சாஃப்ட்வேர் எழுதுகிறானாம். தினமும் வீடியோவில் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் படுப்பான். அந்த ஏஜெண்ட் ஜாமீனில் வந்து, வேறு பெயரில் போர்டு மாட்டியிருக்கிறான் என்று கேள்வி. இந்தக் கோபம் எனக்குத் தணியவில்லை. தணிய வேண்டாம்.

இதையும் செல்விதான் எழுதுகிறாள். இப்போது எனக்குத் தங்கச்சி மாதிரி. அன்றைக்கு அவள் சூலத்தில் கட்டியது புருஷன் குடியை விட வேண்டும் என்று. இன்னும் விடவில்லை. "என் கதைய எதுக்கு எழுதச் சொல்றீங்கண்ணே" என்கிறாள். எழுது என்றேன். வெள்ளிக்கிழமைதோறும் அவளுக்காக நான் போய் ஆத்தாவிடம் சண்டை போடுகிறேன். என் குறையைக் கேட்டவள் அவள் குறையையும் கேட்பாள். நீங்களும் பயப்படாமல் சண்டை போடுங்கள். உரிமை இருக்கிற இடத்தில்தான் சண்டை வரும்.

ஆனால் சாமியிடம் சொன்னதை மனுஷனிடமும் சொல்லுங்கள். வெளிநாட்டு வேலைக்குப் பிள்ளையை அனுப்பக் காத்திருக்கிற ஒரு வீடாவது உங்கள் தெருவில் இருக்கும். இதை அங்கே போய்ப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் என்றால், உட்கார்ந்து வாயால் சொல்லிவிட்டு வாருங்கள்.