அரை மணி மௌனம்

பயிற்சியாளராவதற்கு முன் அவர் தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். கால்பந்து ஆடிய காலத்திலும் பெரிய சூரர் இல்லை. மாவட்ட அணியில் உப்புக்குச் சப்பாணியாக இரண்டு வருடம் ஓடி, முழங்கால் போய், ஓரத்தில் உட்கார்ந்தவர். ஓரத்தில் இருப்பவனுக்குத்தான் ஆட்டம் முழுசாகத் தெரியும் என்பார். தோற்றே பழகிய தேசிய அணிக்கு வேறு ஆள் கிடைக்காமல், சங்கத்துக்காரர்கள் அதை ஒருநாள் அவர் தலையில் கட்டினார்கள். பதினோரு வருடம் அவர் அதை இறக்கிவைக்கவில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மைதானத்தில் இறங்குவதற்கு முந்தைய அரை மணி, உடைமாற்றும் அறையில் யாரும் வாய் திறக்கக்கூடாது. போன்களெல்லாம் ஒரு துணிப்பைக்குள் போய்விடும். அத்தனை பேரும் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பத்திரிகைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். அணி ஜெயிக்க ஆரம்பித்ததும் அதையே தவம் என்று எழுதினார்கள். ஊர் வாய்க்கு என்ன, எப்படியும் பேசும். அந்தப் பைக்குள் போகாத போன் அவருடையது ஒன்றுதான்.

பெரிய போட்டிக்குத் தகுதி பெறும் கடைசி ஆட்டம் மூன்றே காலுக்கு. மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் அவர் போன் அதிர்ந்தது. தாழ்வாரத்துக்கு வந்து எடுத்தார். பேசியது ஒரு நர்ஸ்.

"உங்க கோல்கீப்பரோட அம்மாவைக் காலையில இங்க சேர்த்தாங்க சார். ரொம்ப முடியல. மகன் குரலை ஒரு தடவை கேக்கணும்ங்கறாங்க. போனை நான் காதுல பிடிச்சுக்கறேன், ரெண்டு வார்த்தை போதும்."

கோல்கீப்பரை எல்லோரும் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள்; அவனைத் தாண்டிப் பந்து போவது அவ்வளவு கஷ்டம். அப்பா இல்லாத பிள்ளை. ஊரார் துணியை இஸ்திரி போட்டு அந்த அம்மா வளர்த்தாள். கதவிடுக்கு வழியாகப் பயிற்சியாளர் பார்த்தார். பூட்டு கண்ணை மூடி, கையுறைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஆட்டம் முடிஞ்சதும் பேசச் சொல்றேம்மா."

"அதுவரைக்கும் சார்..." என்று நர்ஸ் இழுத்தாள். அவர் போனை வைத்துவிட்டார்.

கல்நெஞ்சக்காரர் என்று திட்டிவிட்டுப் போனால் நமக்கும் நிம்மதி. ஆனால் அவர் நல்ல மனுஷர், அதுதான் வயிற்றெரிச்சல்.

அன்று பூட்டு ஒரு பெனால்டியைத் தடுத்தான். ஒரு கோலில் ஜெயித்தார்கள். மைதானமே கூத்தாடிக்கொண்டிருக்க, அவர் சுவரோரம் போய் அந்த எண்ணுக்குப் பேசினார். அம்மா நாலே காலுக்குப் போய்விட்டார்கள் என்றாள் நர்ஸ்.

பூட்டிடம் அவர் சொன்னது இதுதான்: "அம்மா தவறிட்டாங்கப்பா. ஆட்டத்துக்கு நடுவுல செய்தி வந்துச்சு."

அவன் அவர் தோளில் சாய்ந்து அழுதான். அழுது முடித்து, "அப்பவே சொல்லியிருந்தா எனக்குக் கை நடுங்கியிருக்கும். நீங்க செஞ்சதுதான் சார் சரி" என்றான்.

அதன்பிறகு வருடந்தோறும் அதே தேதியில் அவர் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவான். நடந்தது தெரிந்த அவர் மனைவி, அவன் போகும்வரை சமையலறையை விட்டு வெளியே வரமாட்டாள்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறீங்க. சொல்லித் தொலைங்களேன்."

"சொன்னா அவன் தாங்கமாட்டான்."

"யாரு, அவனா? நீங்க தாங்கமாட்டீங்க."

ஆறு வருடம் இப்படியே ஓடியது. பிறகு தொடர்ந்து நான்கு தோல்விகள். தலையில் கட்டியவர்களே ஒரு கேடயத்தைக் கையில் கொடுத்து வழியனுப்பினார்கள். சங்கக் கூடத்தில் நடந்த அந்த விழாவில் பூட்டும் பேசினான்.

"எங்கம்மா செத்த சேதியை ஆட்டம் முடியற வரைக்கும் தனியாச் சுமந்தவரு இவரு. எனக்கு அப்பான்னு ஒருத்தர் இருந்திருந்தா இப்படித்தான் இருந்திருப்பாரு."

கைதட்டல் அடங்குவதற்குள் அவர் எழுந்துவிட்டார். மேடையிலிருந்து இறங்கியவனின் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துப் போனார்.

"அது செத்த சேதி இல்லப்பா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். குரல் கேட்க வேண்டும் என்றது, நர்ஸ் இழுத்தது, தான் போனை வைத்தது, எதையும் விடவில்லை. சொல்லும்போதே அழுதார்.

பூட்டு கத்தவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"அப்ப மணி என்ன சார்?"

"மூணாக அஞ்சு நிமிஷம்."

அவன் மனசுக்குள் எதையோ கணக்குப் போட்டான்.

"நான் உள்ள பெஞ்சுலதானே இருந்தேன்?"

"ஆமாப்பா."

"சும்மாத்தானே சார் உக்காந்திருந்தேன்."