தேன்சிட்டுக் கூட்டின் வால்

எங்கள் வீட்டு வாசலில் துணி காயப்போடும் கம்பியில் ஒரு தேன்சிட்டுக் கூடு தொங்கியது, கண்ணுகளா. உள்ளங்கை அளவுதான் இருக்கும். நாரும் காய்ந்த இலையும் சிலந்தி நூலும், அதோடு நம் ஊர்க் குப்பையில் கிடக்குமே பனியன் துணிக் கிழிசல், தையல் நூல், அதையும் சேர்த்துக் கட்டியிருந்தது. அடியில் சிவப்பும் நீலமுமாக நூல்கள் வால் மாதிரித் தொங்கின. குஞ்சுகள் பறந்துபோன பிறகு, அப்போது ஆறாவது படித்த என் மகள் அதைப் பதமாகக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்தாள்.

காலியான கூடு வேண்டும் என்று கேட்டிருந்தவர் பறவை மேடம். பிள்ளைகள் வைத்த பெயர் அது. தாராபுரத்துப் பக்கத்துக்காரர், ஊருக்குள் வாழும் பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். நம் ஊர்ப் பறவைகள் எதைக்கொண்டு கூடு கட்டுகின்றன என்று பார்க்க, பள்ளிக்கு வந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். "நாங்க வாரத்துக்கு ஒருநாள் வர்றோம். நீங்க தெனமும் பாக்கறீங்க. உங்க கண்ணுதான் வேணும்" என்பாராம். அந்தச் சொல்லுக்காகவே என் மகள் மூன்று வாரம் காலையும் மாலையும் கூட்டைப் பார்த்து நோட்டில் எழுதினாள்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங். துணியில் ஒரு பிசிறு நின்றாலும் கை தானாக ட்ரிம்மர் கத்தரியைத் தேடும். மகள் பள்ளிக்குத் தலை சீவிக்கொண்டிருந்த நேரத்தில் பெட்டியைத் திறந்தேன். இத்தனை பிசிறோடா பிள்ளை கொண்டுபோவது என்று சுற்றிலும் வெட்டி, வழவழவென்று ஆக்கி வைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

மகள் பார்த்தாள். அழவில்லை. "அப்பா, மேடம் கேட்டதே அந்த நூலத்தான். இனி இதைச் சேத்துக்க மாட்டாங்க" என்றாள்.

குப்பைக்கூடையிலிருந்து வெட்டிய நூலையெல்லாம் பொறுக்கிக் காகிதத்தில் மடித்தேன். கம்பெனிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அவளோடு பள்ளிக்குப் போனேன்.

மேடம் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்கண்ணா, பேக்கிங்குக்கு அனுப்பறதாட்ட ரெடி பண்ணிட்டீங்க?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள், என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. குப்பை தொங்குவதுபோல் தெரிந்தால் காக்கா கண்டுகொள்ளாது, அதற்காகத்தான் அந்த வால் என்று நினைப்பதாக மேடம் சொன்னார்.

காகிதத்தைப் பிரித்தேன். அவருக்கு எல்லாமே நூல். எனக்கு அப்படியில்லை. "இது துணி ஓரம் அடிக்கற ஓவர்லாக் நூலுங்க, பாலியஸ்டர், லேசுல இத்துப்போகாது. இது எலாஸ்டிக்ல இருந்து உருவுனது. இது பருத்தி." அவர் வேகமாக எழுதிக்கொண்டு, மற்றப் பிள்ளைகளின் கூடுகளையும் என் முன்னால் நகர்த்தினார்.

பிறகு மேடம் நிரப்பிய தாளில் வாலின் நீளம் என்ற கட்டம் வந்தது.

"ஒரு சாண்னு போட்டுக்கங்க மேடம், ஏறக்குறைய சரியா இருக்கும்."

"அளக்காததை எழுதப்படாதுங்கண்ணா" என்றவர், அந்தக் கட்டத்தில் 'அளக்கும் முன் அப்பா வெட்டிவிட்டார்' என்று எழுதினார்.

மகள் எட்டிப் பார்த்தாள். "அப்ப எங்க கூடு கணக்குல இருக்குதுங்களா மேடம்?"

"இருக்குது கண்ணு. நீ பாத்து எழுதுனது அத்தனையும் இருக்குது. இந்த ஒரு கட்டம்தான் இல்ல."

அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். மேடம் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். உங்கள் பள்ளிக்கும் இப்படி யாராவது வரலாம். பட்டாம்பூச்சியையோ தும்பியையோ பார்த்து எழுதச் சொல்லலாம். பார்த்ததை எழுதுங்கள். நடுவில் தப்பு நடந்துவிட்டால் அதையும் எழுதிக் கொடுங்கள். எங்களுடையதை வாங்கிக்கொண்டார்கள்.