படம் போடாத ஏழாவது படி

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் உதவித்தொகைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். ஓமலூர் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். அதைவிட எனக்குப் பெருமை, ஆசிரியர்களுக்காக நான் எழுதும் வலைப்பூதான். துறையின் இணையதளத்தில் வருகையை எப்படிப் பதிவது, கடவுச்சொல் மறந்துபோனால் என்ன செய்வது என்றெல்லாம் படிப்படியாக, திரையைப் படம் பிடித்து, சிவப்பு அம்புக்குறி போட்டு எழுதுவேன். எழுதி முடித்ததும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்ப்பேன். அந்த லட்சணத்தில் குழம்பு தீய்ந்த நாளெல்லாம் உண்டு.

முந்தின வாரம் பிள்ளைகளின் பிறந்த தேதியைத் திருத்தும் பக்கத்தைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். தேதி சரியாக இருந்தால்தான் விண்ணப்பம் போகும். எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் எப்படித் திருத்துவது என்று ஒரே கூப்பாடு. எனக்குப் போட்டியாக எழுதும் ஒருவர், மாலையில் விளக்கப் பதிவு வரும் என்று அறிவித்துவிட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதிய இடைவேளையிலேயே உட்கார்ந்து எழுதிவிட்டேன். மொத்தம் ஏழு படிகள், ஆறுக்குப் படம் இருந்தது. ஏழாவதைச் செய்து பார்க்க, என் வகுப்பில் தேதி தப்பாக இருந்த பிள்ளை யாரும் இல்லை. சும்மா யார் பெயரிலாவது அழுத்திப் பார்க்கலாம் என்றால் பயம். அதனால் நானாக யூகித்து, "பழைய பதிவை நீக்குங்கள், திருத்திய பதிவு தானாக வந்துவிடும்" என்று எழுதி வெளியிட்டேன். என் வகுப்புப் பிள்ளையின் பெயரில் அழுத்தப் பயந்தவள், அடுத்தவர் வகுப்புப் பிள்ளைக்குத் தைரியமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பதிவு பிய்த்துக்கொண்டு ஓடியது. யாரோ அதை பிடிஎஃப் ஆக்கி, என் பெயரோடு குழு குழுவாக அனுப்பினார்கள். நான் தரையில் நடக்கவில்லை.

கடைசி நாளன்று காலை பதினோரு மணிக்கு ஒரு போன். மல்லசமுத்திரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியர்.

"ஏனுங்க மேடம், உங்க பதிவைப் பாத்துத்தானுங்க செஞ்சேன். நான் எங்கியோ தப்புப் பண்ணிட்டனாட்ட இருக்குதுங்க. புள்ள பேரே லிஸ்ட்டுல காணமுங்க."

என் ஏழாவது படிதான். நீக்கினால் திருத்திய பதிவு வரவில்லை, பிள்ளையின் பெயரே பள்ளிப் பட்டியலை விட்டுப் போய்விட்டது! விண்ணப்பம் மாலை ஐந்து மணியோடு சரி. உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு அந்தப் பிள்ளை நினைவு வரவில்லை, என் பெயர் கெட்டுவிடுமே என்றுதான் வந்தது. பதிவைத் திறந்தால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கிறது. ஐயோ, ஏறாதே என்று முதல்முறையாக வேண்டிக்கொண்டேன். அப்போதும் அதை அழிக்கக் கை வரவில்லை. நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். பத்து நிமிஷம் கழித்துத்தான் அழித்தேன். வெட்கக்கேடு.

போனிலேயே வழி சொல்லப் பார்த்தேன். அவர் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வந்தது. தலைமை ஆசிரியரிடம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். சேலத்தில் இறங்கி, திருச்செங்கோடு பஸ் பிடித்தேன். வழியில் நின்று நின்று ஆள் ஏற்றிய கண்டக்டரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். அவர் என்ன பாவம் செய்தார்?

ஸ்டாப்பில் வண்டியோடு காத்திருந்த ஆசிரியர், "இத்தன தூரம் வந்தீங்களே மேடம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பள்ளிக்குப் போகும்போது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. மேஜைமேல் என் பதிவை அச்செடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு படிக்கும் நேராகப் பென்சிலில் ஒரு டிக்.

பள்ளி மாறிப் போகும் பிள்ளைகளின் பெயரெல்லாம் போய்ச் சேரும் பொதுப் பட்டியல் ஒன்று அந்தத் தளத்தில் உண்டு. அதில் தேடினோம். புதுத் தேதி கொடுத்தால் வரவில்லை. பழைய, தப்பான தேதியைக் கொடுத்ததும் பெயர் வந்தது. திரும்பச் சேர்க்க ஒன்றியக் கல்வி அலுவலகத்தில் ஒப்புதல் தர வேண்டும். அங்கே போன் போட்டுச் சொல்லிவிட்டு, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். மூன்று மணி, மூன்றரை.

"ஏழாவதுக்கு மட்டும் படமில்லீங்க மேடம். அங்கியே நான் நிதானிச்சிருக்கோணும்" என்றார் அவர்.

இதற்குமேல் என்னால் முடியவில்லை. "நான் அதைச் செஞ்சே பார்க்கலைங்க சார். யூகத்துல எழுதிட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்படீங்களா" என்றார். அச்செடுத்த தாளை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நாலேகாலுக்கு ஒப்புதல் வந்தது. பெயரைச் சேர்த்து, தேதியைத் திருத்தி, விண்ணப்பத்தை அனுப்பும்போது மணி நாலு நாற்பது. இருவருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

வெளியே வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் வந்தபோதும் அங்கேதான் இருந்தாள். "வா கண்ணு, முடிஞ்சுது" என்று ஆசிரியர் கூப்பிட்டார். அவள்தான் அந்தப் பிள்ளை. முகம் வாடிக் கிடந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"பேரு இல்லீன்னு சார் போன்ல சொன்னது கேட்டுதுங்க. பேரு இல்லாம சாப்பாட்டு வரிசையில எப்படிங்க டீச்சர் நிக்கறது?"

காலையிலிருந்து வகுப்புக்குள்ளும் போகவில்லையாம். ஆசிரியர் "அட சாமி!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். திரையோடு மல்லுக்கட்டிய அவசரத்தில் இரண்டு பேருமே அவளைக் கவனிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே என் தப்பை ஒளிக்காமல் எழுதி, எல்லாக் குழுவுக்கும் அனுப்பினேன். சிலர் திட்டினார்கள், பலர் என் வலைப்பூப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அது போகட்டும். முந்திக்கொள்ள வேண்டும் என்று நான் எழுதிய ஒரு வரியால், தான் இனி இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையே இல்லை என்று நம்பி ஒருத்தி பசியோடு உட்கார்ந்திருந்தாளே, அதுதான் ஆறவில்லை. இன்றும் மதியம் எங்கள் பள்ளியில் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும்போது, யாராவது தனியாக ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார்களா என்று என் கண் தேடிக்கொண்டே இருக்கிறது.