அக்கா பெயரில் எட்டு மாதம்

நோர்வூட் பாதையில் அரசாங்கம் மண்சரிவுத் தடுப்புச் சுவர் கட்டியபோது எட்டு மாதம் கல் சுமந்தேன். வேலை கிடைத்தது அக்காவுக்கு. சேர்ந்த வாரமே அவளுக்கு சவூதி விசா வந்துவிட, அவள் பெயரில் நான் போனேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இது ஒரு விஷயமே இல்லை. ஒருத்திக்கு முடியாவிட்டால் அதே வீட்டிலிருந்து இன்னொருத்தி காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நிற்பாள். வேலை நடந்தால் சரி. காலையில் கங்காணி அக்கா பெயரைக் கூப்பிடுவார். நான் "வந்திருக்கேங்க" என்பேன்.

அரசாங்க வேலைக்கு விதித்த சம்பளத்தில் பாதியைத்தான் ஒப்பந்தக்காரர் கொடுத்தார் என்று வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. மொத்தம் பதினாலு பெயர்.

"ஒங்க அக்கா வெளிநாட்டுல இருக்கான்னு சொல்லிக்கிறோம். நீ மட்டும் அந்தப் பக்கம் வந்துறாத" என்றார்கள் கூட வேலை செய்தவர்கள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் தோள் இல்லாமலா அந்தச் சுவர் எழும்பியது? நீதிமன்றத்துக்குப் போய்ப் பின் வாங்கில் உட்கார்ந்துகொண்டேன்.

வாயைத் திறப்பதில்லை என்றுதான் போனேன், சத்தியமாக. ஆனால் அங்கே பெயர்களை வாசித்தவர், கங்காணி கூப்பிட்ட அதே வரிசையில் வாசித்தார். அக்கா பெயர் வந்ததும் என் கால் தானாக எழுந்துகொண்டது.

"வந்திருக்கேங்க."

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். அவள் வெளிநாட்டில் என்றால் இவள் யார், பெயர் இடாப்பே பொய் என்றார். யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பி, "நீங்கள் ஆர் பிள்ளை? உண்மையைச் சொல்லுங்கோ" என்றார். ஒன்றுவிடாமல் சொன்னேன்.

என்னால் வழக்கு மூன்று தவணை தள்ளிப்போனது. எங்கள் லயத்து வீடுகளின் குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். போனில் அக்காவும், "ஏன்டி எந்திரிச்ச?" என்றுதான் கேட்டாள். அந்த மாதங்களில் எனக்கென்று பேச ஒரு ஆள் இல்லை.

கடைசியில் பதின்மூன்று பேருக்கும் மீதிச் சம்பளம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அக்கா வேலை செய்யவில்லை என்று அவள் பெயரை வெட்டிவிட்டார்கள். என் பெயரோ இடாப்பிலேயே இல்லை. பணம் போனால் போகட்டும். சுமந்த கல்லெல்லாம் யார் சுமந்ததாம்?

நீதிமன்றத்துக்கு எதிரே தேநீர்க்கடையில் பதின்மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவராவது கூப்பிடுவார் என்று இரண்டு பஸ்ஸை விட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

மூன்றாவது பஸ்ஸில் ஏறினேன். சுவரைக் கடக்கும்போது பக்கத்து இருக்கை அம்மா எட்டிப் பார்த்து, "நல்லாக் கட்டியிருக்காங்க" என்றார்.

"ஆமாங்க, கட்டியிருக்காங்க" என்றேன்.