மாமா பழசாக்கிய கோட்டு

எங்கள் மாமா புதிதாக ஒரு கோட்டுத் தைத்துக்கொண்டு, அதைப் பழசாக்குவதற்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பாடுபட்டார். அப்போது நாங்கள் கட்டுகஸ்தோட்டையில் ஆற்றோரமாகக் குடியிருந்தோம். அம்மாவின் தம்பியான மாமா எங்களோடு இருந்துகொண்டு, கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார்.

கடைக்கு வருகிறவர்களை உடுப்பை வைத்தே எடைபோட்டுவிடுவதில் அவருக்குப் பெரிய பெருமை. பட்டுக் கழுத்துப்பட்டியும் பளபளக்கும் சப்பாத்துமாக வருகிறவன் நேற்றுப் பணம் கண்டவனாம். பரம்பரைப் பணக்காரர் முழங்கையில் ஒட்டுப்போட்ட கோட்டோடுதான் வருவாராம். வத்தேகமவில் கொக்கோத் தோட்டம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் அப்படித்தான் வருவார். கூட வந்த அவருடைய மகளை ஒருமுறை பார்த்ததிலிருந்து மாமாவுக்குச் சோறே இறங்கவில்லை. எப்படியோ ஆள் விட்டுப் பேசி, பெண் கேட்டு வரச் சம்மதம் வாங்கிவிட்டார்.

கோட்டுக்குக் கேடுகாலம் பிறந்தது அதற்குப் பிறகுதான். மாமா அதைச் செங்கல்லால் தேய்த்தார். கிழியாத முழங்கையில் தோல் துண்டை வைத்துத் தைத்தார். ஆற்றுக்குக் கொண்டுபோய் என்னை ஏறி மிதிக்கச் சொன்னார். நானும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதிப்பேன். விடியற்காலைப் பனியில் அக்கரை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. எங்கேயோ யானையைக் குளிப்பாட்டும் சத்தம் மட்டும் கேட்கும். ஒருநாள் கோட்டு நழுவி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு மெதுவாக மிதந்து போயிற்று. யாரோ அதற்குள் இருந்துகொண்டு தன் ஊருக்குப் போவதாகவே எனக்குத் தோன்றியது. மாமா விழுந்தடித்து ஓடி இழுத்து வந்தார்.

அம்மாவும் மாமாவும் நானும் ரயிலேறிப் போனோம். பெரியவரின் வீடு கொக்கோ மரங்களின் இருட்டுக்குள் இருந்தது. அவர் போட்டிருந்த கோட்டு தோளிலிருந்து வழிந்து, கை விரல்வரை தொங்கியது. மாமாவை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோட்டு யாரோடது தம்பி?”

“எங்க அப்பாவோடதுங்க. அவரு போட்டுப் போட்டுத் தேஞ்சது.”

பெரியவர் சிரித்தார். “இதுவும் எங்க அப்பாவோடதுதான். எனக்கு இன்னும் தொளதொளன்னு கெடக்கு. ஒங்களுக்கு அளவெடுத்துத் தச்சாப்ல இருக்கே!”

மாமாவின் காது சிவந்துவிட்டது. “அப்பாவுக்கும் இதே ஒடம்புங்க” என்றார்.

“அப்படியாம்மா?” என்று பெரியவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். மாமா அம்மாவைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

“இல்லீங்க” என்றாள் அம்மா. “எங்க அப்பா தெல்தோட்டையில தேயிலைத் தோட்டத்துல மம்பட்டி வேலை செஞ்சவரு. கோட்டே போட்டதில்ல. மழைக்கும் குளிருக்கும் ஒரே கம்பளிதான்.”

பெரியவர் கோபப்படவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். ஆனால் கல்யாணப் பேச்சு அதோடு நின்றுபோயிற்று. திரும்பும்போது ரயிலில் மாமா அம்மாவின் முகத்தையே பார்க்கவில்லை. எனக்கு அம்மாமேல் அடங்காத ஆத்திரம். எப்போதோ செத்துப்போன தாத்தா ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டால் யாருக்கு என்ன நட்டம் என்று அழுதேன். தன் அப்பாவை வாசலில் நிறுத்திவிட்டு அந்த வீட்டுக்குள் போக அவளுக்கு மனம் வரவில்லை என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.