பச்சைக் காரின் இரட்டைக் கார்புரேட்டர்

ஜெபக்குமார் சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தது பனியன் கம்பெனியில் டெய்லர் வேலைக்கு. வந்த வேலையில் அவர் வெகுநாள் நிலைக்கவில்லை. கை தையல் மெஷினில் இருக்கும், காது ரோட்டில் இருக்கும். "இந்தப் பைக்குக்குப் பெட்ரோல் கூடப் போவுது, கேட்டீயளா?" என்று பக்கத்து மெஷின்காரரிடம் சொல்லிக்கொண்டே கழுத்துப் பட்டியைக் கோணலாக அடித்துவிடுவார். கடைசியில் சூப்பர்வைசரே ஒரு கும்பிடு போட்டு அனுப்பி வைத்தார். அன்றைக்கே வீரபாண்டிப் பிரிவில், ரோடு பிரிகிற இடத்தில், தகரக் கொட்டகை ஒன்றைப் பிடித்து, கார்புரேட்டர் வேலை மட்டும்தான் பார்ப்பேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

கைவேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம். "நமக்குத் தெரியாத கார்புரேட்டரை இனிமேத்தான் எவனாவது செய்யணும்" என்பார். அவர் மனைவி ரோஸ்மேரி பக்கத்துக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வருகிற பனியனில் ஓட்டை, கறை, ஒட்டியிருக்கும் பஞ்சு எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை. புருஷனின் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வாள்.

இரண்டாயிரத்து நாலில் அந்தப் பச்சைக் கார் வந்தது. வீரபாண்டியில் பனியன் கம்பெனி வைத்திருந்த அர்த்தநாரி, ஊட்டியில் ஒரு எஸ்டேட் கொட்டகையில் கிடந்த பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்து மயங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது. பக்கத்தில் மனைவி மாரக்காளை உட்கார வைத்துக்கொண்டு மாதாமாதம் கிருத்திகைக்குச் சிவன்மலை முருகன் கோயிலுக்கு அதில் போய்வர வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஆசையென்றால் சாதாரண ஆசை இல்லை, கூச்சத்தோடு சொல்லுகிற ஆசை.

பானெட்டைத் தூக்கிய ஜெபக்குமார் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார். ஒரே இன்ஜினுக்கு இரண்டு கார்புரேட்டர், அண்ணன் தம்பி மாதிரி ஒட்டி நின்றன. இரண்டும் ஒரே அளவில் காற்றை இழுக்க வேண்டும். அதைச் சரிபார்க்க அவர் ஒரு ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலுமாக மாற்றி மாற்றி வைத்து, உஸ்ஸென்ற அந்த இரைச்சலைக் கேட்பார். இரண்டு இரைச்சலும் ஒன்றாகிற நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த பிள்ளை முகம்.

ஆனால் கார் அவர் மானத்தை வாங்கியது. கொட்டகையிலிருந்து கிளம்பும்போது ஜோராகப் போகும். காங்கயம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் இருமும், விக்கும், நின்றுவிடும். ஒரு கிருத்திகையன்று பட்டுப்புடவையோடு மாரக்காள் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"இனி அந்த வண்டில நான் காலெடுத்து வெக்கமாட்டனுங்க. நீங்களாச்சு, உங்க பச்சை வண்டியாச்சு" என்று அவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

அர்த்தநாரி முகம் தொங்கிப்போய் ஜெபக்குமாரிடம் வந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் அம்பாசிடர் கார்புரேட்டர்.

"ஏனுங்க ஜெபக்குமார், வர்ற கிருத்திகைக்கு வண்டி நிக்காம சிவன்மலை போய்த் திரும்போணும். இல்லீன்னா அந்த ரெண்டையும் கழட்டிப்போட்டு இந்த ஒன்னைய மாட்டிருங்க. எங்க போனாலும் சாமான் கிடைக்குது. எதுக்குங்க நமக்கு வம்பு?"

"மாட்டலாம் மொதலாளி. வண்டி ஓடத்தான் செய்யும். ஆனா இந்த ஓட்டம் ஓடாதுல்லா? ரெண்டு வாயால மூச்சு விடுததை ஒரு வாயால விடச் சொன்னா எப்படி?"

"மூச்சு வந்தாப் போதுமுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் அர்த்தநாரி.

ஜெபக்குமார் அட்டைப்பெட்டியை மூலையில் தள்ளி வைத்தார். கழற்றினால் அந்த இரண்டும் பழைய இரும்புக்குத்தான் போகும், வாழ்நாளில் இன்னொரு ஜோடி தன் கைக்கு வராது என்பது அவருக்குத் தெரியும். பிளக்கை மாற்றினார். பம்ப்பைப் பார்த்தார். டேங்கைக் கழுவினார். கார்புரேட்டர் இரண்டையும் பிரித்து, பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தையும் பெட்ரோல் ஏறிவரும் சின்னத் துளையையும் கண்ணாடி மாதிரி துடைத்து மாட்டினார். வண்டி கொஞ்ச தூரம் ராஜாவாகப் போய் மறுபடி படுத்தது. மறுபடி பிரித்தார், இன்னும் அழுத்தித் துடைத்தார். இந்த முறை அதற்கும் முன்னாலேயே படுத்தது.

கிருத்திகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு ரோஸ்மேரி கொட்டகைக்கே சோறு கொண்டுவந்தாள். கழற்றிய கிண்ணத்திலிருந்த பெட்ரோலை ஜெபக்குமார் அவசரத்தில் அவளுடைய டிபன் மூடியில் ஊற்றிவைத்திருந்தார். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தபோதே அவள் நிறுத்தினாள். மூடியைத் தூக்கி வெயிலில் சாய்த்தாள். பெட்ரோலில் மெல்லிசாக, வெள்ளையாக ஏதோ மிதந்தது.

"இதுல ஏது பஞ்சு?"

"டேங்க்ல இருந்து வந்திருக்கும். இல்ல, ரோட்டுத் தூசியா இருக்கும். இந்த ஊருல காத்துலயே பஞ்சுதான பறக்கு" என்று சொல்லிக்கொண்டே ஜெபக்குமார் கிண்ணத்தின் உட்புறத்தைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்தார்.

திருப்பூரில் துடைக்கவென்று யாரும் துணி வாங்குவதில்லை. கட்டிங்கில் விழுகிற பனியன் துண்டுகள் மூட்டையாகக் கிடைக்கும். லேத் பட்டறையிலும் டீக்கடையிலும் அதுதான் துடைக்கும். ஜெபக்குமார் கடையில் முதல் தரமான வெள்ளை வேஸ்ட் ஒரு மூட்டை இருந்தது, அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது.

ரோஸ்மேரி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். கிண்ணத்தின் விளிம்பில் ஒரு நூல் இழை ஒட்டிக்கொண்டு ஆடியது.

"இதைத்தான் நான் தெனமும் கம்பெனியில பொறுக்கி வெளிய போடுதேன். நீங்க உள்ள போட்டு மூடுதீங்க!"

ஜெபக்குமார் வேஸ்ட்டைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். கார் வந்த நாளிலிருந்து துடைக்கத் துடைக்க அந்தச் சின்னத் துளையை அவரேதான் பஞ்சால் அடைத்திருக்கிறார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவளும் சேர்ந்து சிரித்ததில் குழம்பு ஆறிப்போனது.

அன்று துணி என்கிற பேச்சே இல்லை. எல்லாவற்றையும் பெட்ரோலில் அலசி, கம்ப்ரஸர் காற்றால் ஊதி, ஈரம் தானாகக் காயும்வரை காத்திருந்து மாட்டினார்.

கிருத்திகைக் காலையில் அர்த்தநாரி கெஞ்சோ கெஞ்சென்று கெஞ்சி மாரக்காளை ஏற்றினார். "நின்னுச்சுன்னா நான் பஸ்ஸுல ஊட்டுக்கு வந்துருவனுங்க" என்ற உறுதிமொழியோடு அவள் ஏறினாள். மத்தியானத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். மத்தியானம் போய்ச் சாயங்காலமும் ஆகப்போகிறது, காரைக் காணோம். ஜெபக்குமார் கொட்டகையைச் சாத்தினார். ஸ்பானர் பையை மொபெட்டில் மாட்டிக்கொண்டு, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தபடியே காங்கயத்துக்குப் பக்கம்வரை போய்விட்டார். சிவன்மலை அடிவாரத்தைத் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் பச்சைக் கார் நின்றது. அர்த்தநாரி வெளியே நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நின்னு போச்சா மொதலாளி?" ஜெபக்குமாருக்கு அழுகையே வந்துவிட்டது.

"வண்டி எங்கீங்க நின்னுச்சு? மலையேறி எறங்கிருச்சு, வெள்ளகோயில் வரைக்கும் போய்ட்டும் வந்துருச்சு. இவதான் என்னைய எறக்கி உட்டுட்டா."

அப்போதுதான் ஜெபக்குமார் கவனித்தார். மாரக்காள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

"கல்யாணத்துக்கு முந்தி அவிய அப்பன் தோட்டத்துல டிராக்டர் ஓட்டுனவளாமுங்க. இத்தன வருசத்துல எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லுல பாருங்க" என்றார் அர்த்தநாரி. குறைப்பட்டுக்கொள்கிற மாதிரிதான் சொன்னார், ஆனால் வாயெல்லாம் பல்.

"ஏனுங்க ஜெபக்குமார், அந்த ஒத்தக் கார்புரேட்டரைக் கடைக்காரருக்கே திருப்பிக் குடுத்துருங்க. இதுல யாரும் கை வெக்க வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு மாரக்காள் ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். இரண்டு கார்புரேட்டரும் ஒன்றாக மூச்சிழுத்தன. ஜெபக்குமார் காதைச் சாய்த்துக் கேட்டுத் தலையாட்டினார். புழுதியைக் கிளப்பிக்கொண்டு கார் திருப்பூர்ப் பக்கம் பறந்தது, பக்கத்துச் சீட்டு காலியாகவே.

"அவளுக்கு நாம வேண்டாமாட்ட இருக்குதுங்க" என்று சிரித்துக்கொண்டே அர்த்தநாரி வேட்டியை மடித்துக் கட்டி, மொபெட்டின் பின்னால் ஏறிக்கொண்டார்.