பஸ்ஸில் ஏறிய பன்றி வழக்கு

இன்று திருப்பதி போன, கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் காட்டுப்பன்றியால் சண்டை. எங்கள் ஊருக்குப் பக்கத்து விஜயபுரத்துப் பெரிய பன்றிகளைச் சுட ஒரு துரை வருகிறாராம்.

"அது வராகசாமி. சுடக்கூடாதுன்னு கலெக்டராண்ட சொல்லப்போறேன். எல்லாரும் கை தூக்குங்க," என்றார் ஒரு நாமக்காரர். பாதி பஸ் தூக்கியது. நானும்தான்.

பாதி வேர்க்கடலையைப் பன்றிக்குப் பறிகொடுத்த எங்கள் ஊர்க் கன்னியம்மாக்கா அசரவில்லை. மீதியும் போனால் அவருக்கு விளைச்சலே இல்லை.

"வராகசாமி பூமிய மேல தூக்கினு வந்தாரு. இது என் பூமிய நோண்டித் துன்னுகினு கீது. இதான் சாமின்னா, மீதிக் கடலைக்கு நீயே வந்து காவல் இரு நைனா."

தூக்கிய கைகளெல்லாம் தலை சொறிந்தன. நாமக்காரர் ஜன்னலைப் பார்த்தார். அக்காவின் இந்த வாய் இருக்கையில் துரையின் துப்பாக்கி எதற்கு?

தெலுங்கில் பன்றிக்குப் பெயர் பந்தி. துரை சுட்டால் எங்கள் ஊரில் நிச்சயம் பந்தி உண்டு. யார் யாருக்கு இலை போடட்டும்?